கோபி பக்கத்துக் கட்டை

அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் மணவாளனுக்குக் கட்டை பொறுக்கும் வேலை. பெட்டி என்றால் கோயம்பேட்டுக்குத் தக்காளி வரும் பெட்டி அல்ல. கப்பலேறப் போகும் லேத்து ஒன்று நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு, ஒரு சின்ன அறை போல இருக்கும். அதன் அடியில் நீளவாக்கில் இரண்டு தடித்த கட்டைகள் ஓடும். இயந்திரத்தின் மொத்த எடையும் அவற்றின் மேல்தான். கிரேன் தூக்கும்போது பெல்ட்டு சுற்றுவதும் அவற்றைச் சேர்த்துத்தான். பக்கவாட்டுப் பலகையை யாரும் எடுத்துப் போடலாம். அடிக்கட்டை மட்டும் மணவாளன் கைப்பட்டு வர வேண்டும் என்பது அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

பொறுக்குவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் ஒரு முனையைத் தூக்கி எடை பார்ப்பார். பிறகு விரல்முட்டியால் அங்கங்கே தட்டுவார். கடைசியாக அறுத்த முகத்தில் எச்சில் தொட்டுத் தேய்த்து, நனைந்த இடத்தில் நிறம் எப்படி ஏறுகிறது என்று குனிந்து பார்ப்பார். கனமும் கருஞ்சிவப்பும் சேர்ந்து வந்தால் அது வைரம் பாய்ந்த கட்டை. அடிக்கு அதுதான்.

“பொண்ணு பாக்க வந்த மாதிரியே தட்டித் தட்டிப் பாக்கறியே அண்ணாத்தே, புடிச்சிருந்தா சொல்லு, பஜ்ஜி சொஜ்ஜி வரவழைக்கிறேன்” என்பான் கோபி.

கோபி அங்கே கலாசி. கிரேனுக்குப் பெல்ட்டு மாட்டி, பெட்டி மேலே எழும்போது ஆடாமல் கையால் நிறுத்தி, அது லாரியில் உட்காரும்வரை கூடவே நடக்கிறவன். கிரேன் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எப்போதும் பெட்டியின் வலப்பக்கமே நிற்பான். அதனால் மணவாளன், பொறுக்கிய இரண்டு கட்டைகளில் எது உசத்தியோ அதை வலப்பக்கம் போடச் சொல்வார். மறந்துவிடக் கூடாது என்று சாக்பீஸால் அதன் முகத்தில் ‘கோ’ என்று எழுதிவிடுவார். கம்பெனி விதியில் இப்படி ஒன்றும் கிடையாது. பந்தியில் வேண்டியவன் உட்கார்ந்திருந்தால் கரண்டியை அடிவரை விட்டு அள்ளிப் போடுவதில்லையா, அது போலத்தான். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு முற்பகல். வாசலில் லாரி நின்றது. பெட்டிக்குள் அச்சு இயந்திரம் ஒன்று. கோபி பெல்ட்டு மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்து, கையைத் தூக்கிக் காட்டினான். பெட்டி இடுப்பு உயரத்துக்கு வந்தது. அப்போது வலப்பக்கத்து அடிக்கட்டை, பெல்ட்டு பிடித்த இடத்தில், முள்ளங்கி ஒடிவது போல ஒடிந்தது.

மணவாளனுக்குத் தெரிந்த மரங்கள் ஒடிவதற்கு முன் பேசும். வேம்பு முனகும். புளி நெறுநெறுவென்று கடைசிவரை நாரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். ஆளுக்கு விலகி ஓட அவகாசம் கிடைக்கும். இது பேசவில்லை. பெட்டி ஒருச்சாய்ந்து இறங்கியபோது அடியில் கோபியின் இடது கால் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை மணவாளன் வழக்கம்போலப் பட்டரவாக்கத்தில் ரயிலேறி அண்ணனூரில் இறங்கி, ஸ்டேஷன் வாசலில் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி கன்னியம்மாளிடம் கீரை கொஞ்சம் வாடிவிட்டது என்றார். அதே குரலில், கோபிக்கு ஒரு கால் போய்விட்டது என்றும் சொன்னார். கன்னியம்மாள் கீரையை அப்படியே போட்டுவிட்டு அழுதாள். அவள் அழுவதை அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சாப்பிட்டார், கீரையில் உப்பு சரியாக இருப்பது தெரிந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே போனது. மனம் மரத்துப்போவது என்று சொல்கிறோமே, அது வலி அதிகமாவதால் வருவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். மணவாளன் விஷயத்தில் அது வலிக்கு முன்னதாகவே வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. வலியை உள்ளே விடவில்லை.

அவர் முத்தாபுதுப்பேட்டைக்காரர். நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். நிலம் மனையானது, அதைப் பற்றி அவருக்கு ஏக்கம் ஒன்றும் கிடையாது. குனிந்து களை பறித்தவர்களுக்கு அந்த ஏக்கம் குறைவாகத்தான் இருக்கும். மனை போடும்போது வரப்போரத்து மரங்களை வெட்டினார்கள். அவற்றை ஏற்றிக்கொண்டு ஆவடியில் மரம் அறுக்கும் சாமில்லுக்குப் போன இளைஞன் மணவாளன், நிலத்துக்குத் திரும்பாமல் அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டான். வேம்பு, பூவரசு, வாகை, புளி என்று எது வந்தாலும் வாளில் பிளந்து பார்த்ததில் அவருக்கு ஒன்று உறுதியானது. வெளியே வெளிறியிருப்பது சதை, பூச்சி தின்னும். உள்ளே கறுத்துக் கனத்திருப்பது வைரம், அதுதான் தாங்கும். இந்த விஷயத்தில் எந்த மரமும் அவரை ஏமாற்றியதில்லை. முப்பது வருஷம் ஏமாற்றாத ஒன்றை அறிவு என்று சொல்வதா பழக்கம் என்று சொல்வதா என்பது வேறு பேச்சு. அவர் கைக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை.

பைன் வந்தது பிற்பாடு. வெளிநாட்டுக்குப் போகிற பெட்டி சூட்டில் பதப்படுத்திய மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கியதும், துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் கண்டெய்னராகப் பைன் கட்டைகள் இறங்கின. வெளுத்த மரம், பிசின் வாசனை, பஞ்சு போல ஆணி இறங்கும். மணவாளனுக்கு முதலில் அதன்மேல் மரியாதையே இல்லை. ஆனால் கட்டுக்குள் எப்போதாவது ஒன்று கருஞ்சிவப்பாக, மற்றவற்றைவிட ஒன்றரைப் பங்கு கனமாக வரும். அதைப் பார்த்தால் தெரிந்த முகத்தை வெளியூரில் பார்த்தது போல இருக்கும். தனியே எடுத்து வைப்பார். ‘கோ’ என்று எழுதுவார்.

ஒடிந்தது எதனால் என்று கேட்டபோது கம்பெனியில் யாரும் மரத்தை நினைக்கவில்லை. மணவாளன் பொறுக்கிய கட்டை என்பதே அதற்குக் காரணம். பெல்ட்டைத்தான் நினைத்தார்கள். பெல்ட்டு ஒரு சாண் உள்ளே தள்ளிப் போயிருக்கும், எடை ஒரே இடத்தில் விழுந்திருக்கும், கோபி அவசரக்காரன் என்றார்கள். முதலாளி ஜானகிராமன் கெட்ட மனிதர் அல்ல. ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனார். ஆனால் தன் தவறால் விழுந்தவனை மறுபடி வேலைக்கு வைத்தால் மற்றவர்களுக்குப் பயம் விட்டுப்போகும் என்று அவர் சொன்னதும் உண்மை. கோபிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பெல்ட்டு தவறு என்றால் எஸ்டேட்டில் வேறு எந்த வாசலும் அவனுக்குத் திறக்காது. ஒற்றைக் காலோடு வருகிறவனுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று கிடைக்கலாம். தன்மேலேயே பெட்டியைப் போட்டுக்கொண்டவன் என்ற பெயரோடு வந்தால் கிடைக்காது.

இதையெல்லாம்விட மோசம், கோபியே அதை நம்பியது.

ஞாயிறுதோறும் மணவாளன் வேப்பம்பட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கோபி ஒரு துண்டை எடுத்துப் பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் சுற்றுவான். இப்படிப் போட்டேனா, இல்லை இன்னும் உள்ளே தள்ளிப் போட்டேனா என்று கேட்பான். அவிழ்ப்பான், மறுபடி சுற்றுவான். அவன் மனைவி சுரேகா அதைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய்விடுவாள். “பெல்ட்டு கரெக்டா தான்டா இருந்துச்சு, நான் பாத்தேன்” என்பார் மணவாளன். அவர் பார்க்கவில்லை. அவர் அப்போது அடுத்த பெட்டிக்குக் கட்டை தட்டிக்கொண்டிருந்தார். தவிர, பெல்ட்டுதான் தவறு என்று அவரும் நம்பினார். நண்பனிடம் சொல்லும் பொய்களில் இது மலிவானது; சொல்கிறவனுக்கு ஒரு செலவும் இல்லை. சொல்லும்போது அவருக்கு எதுவும் தோன்றவும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட பிறகு, இயந்திரத்தின் இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பெயர் அகல்யா. மரச் சோதனை செய்கிறவர். அதற்கு முன் சில வருஷம் இமாசலத்து மலைகளில் பைன் மரங்களைத் துளைத்து, வளையங்களை அளந்துகொண்டிருந்தாராம். ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாயில் மூடிக் கிடந்த ஒடிந்த கட்டையைக் காட்டச் சொன்னார். ஒடிந்த முகத்தைக் கையால் தடவினார். பிறகு, அதிலிருந்து அப்பளம் போல மெலிசாக ஒரு வில்லை அறுத்துத் தர முடியுமா என்று கேட்டார். வாளில் வைத்து அறுத்தது மணவாளன்தான். ஆடி போய் ஐப்பசி வந்தும் பிசின் வாசனை அப்படியே இருந்தது. முகத்தின் ஓரத்தில் சாக்பீஸ் எழுத்து மழையில் கரைந்து வெள்ளைக் கறையாக நின்றது.

அகல்யா வில்லையை உப்புத்தாளில் தேய்த்து, தண்ணீர் தொட்டு, லென்ஸை வைத்துப் பார்த்தார். தனக்குத்தானே ஏதோ எண்ணினார். பக்கத்தில் ஆள் நிற்பதை உணர்ந்ததும் லென்ஸை மணவாளனிடம் நீட்டினார். அவர் பார்த்தார். வெளிறிய பட்டை ஒன்று, கறுத்த பட்டை ஒன்று என்று புடவைக் கரை போல மாறி மாறி ஓடியது.

ஒரு வெளிறலும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் அந்த மரத்துக்கு ஒரு வருஷம் என்றார் அகல்யா. பனி உருகி மண் இளகியதும் மரம் அவசரமாக வளரும். அந்த அவசரத்தில் வருவது வெளிறல். அதில் குழாய்கள் அகலம், சுவர் மெலிசு. கோடை முடியும் நேரத்தில் வேகம் குறைந்து சுவர் தடிக்கும், அது கறுப்பு. அப்புறம் குளிர் வந்தால் எல்லாம் நின்றுவிடும். நம் ஊர் மரங்களில் பலவற்றுக்கு அப்படி நிற்கத் தெரியாது. நிறுத்துவதற்கு இங்கே குளிர்காலம் ஏது? அதனால் வேம்பைப் பிளந்தால் இப்படி வருஷக் கணக்கு எழுதியிருக்காது.

மணவாளன் தலையாட்டினார். வேம்பில் இப்படிக் கோடு அவர் பார்த்ததில்லை என்பது சரிதான்.

அகல்யா ஊசிமுனையால் ஒவ்வொன்றாகக் காட்டினார். இங்கே நெருக்கமாக இருப்பது பனி உருகத் தாமதமான வருஷம். வளரக் கிடைத்த நாள் கொஞ்சம். இது மழை பொய்த்தது. இது கதகதப்பான வருஷம், மண்ணில் ஈரமும் இருந்திருக்கிறது, வளையம் அகலம். இப்போதெல்லாம் பனி குறைந்து கோடை நீள்கிறது. ஈரமுள்ள சரிவில் மரம் மளமளவென்று வளர்ந்து வெளிறல் அதிகமாகி இலேசாகிறது, ஈரமில்லாத சரிவில் அதே வெயில் வளையத்தைச் சுருக்கிவிடுகிறது. ஒரே வெயில், இரண்டு விதமான மரம். பலநாள் பார்க்காத வேலையை மறுபடி தொட்ட மகிழ்ச்சி அவர் குரலில் இருந்தது. பிறகு ஊசி வில்லையின் ஒரு பக்கத்துக்கு நகர்ந்து நின்றது.

“இங்க பாருங்க. நடுப்புள்ளி நடுவுல இல்ல, ஓரமாத் தள்ளியிருக்கு. இந்தப் பக்கம் மட்டும் வளையமெல்லாம் அகலம், ஒரே கறுப்பு.”

“வைரம்” என்றார் மணவாளன்.

“வைரம் இல்லீங்க. இது சாஞ்ச மரம்.”

மலைச்சரிவில் கன்றாக இருக்கும்போது பனி மேலே குவிந்து அழுத்தியிருக்கும், அடிமண்ணும் மெல்ல நகர்ந்திருக்கும் என்று விளக்கினார். மரம் சாய்ந்தபடியே கிடக்காது, நிமிரப் பார்க்கும். சாய்ந்த பக்கத்தின் கீழே அதிகமாக வளர்ந்து, தனக்குத் தானே முட்டுக் கொடுக்கும். பனி அதிகமாகப் பெய்த ஒவ்வொரு வருஷமும் முட்டு இன்னும் தடிக்கும். அப்படி வளர்ந்த பாகம் கறுப்பாக இருக்கும், கனமாக இருக்கும். நின்ற இடத்தில் அழுத்தத்தைத் தாங்குவதற்காக ஆன மரம் அது. அறுத்து எடுத்து விட்டமாக்கி வளைத்தால் தாங்காது. சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும்.

“நல்ல கனமா கீதேம்மா” என்றார் மணவாளன். அவர் குரலில் வாதம் இல்லை. எடையைச் சொன்னார், அவ்வளவுதான்.

“கனம் இருக்கு. ஆனா பலம் இல்ல.”

பெல்ட்டு எங்கே இருந்தது என்று தேய்ந்த தடத்தை அளந்து பார்த்துவிட்டு, பெல்ட்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்திருக்கிறது என்றும் அகல்யா சொன்னார். இந்தக் கட்டை எங்கே கட்டினாலும் ஒடிந்திருக்கும். பக்கத்தில் கிடந்த வெளிறிய சாதாரணக் கட்டையைக் காலால் தொட்டுக் காட்டி, இதைப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். அதைச் சொல்லும்போது அவர் மணவாளனைப் பார்க்கவில்லை. பொறுக்கியது யார் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அவர் வேலை மரத்தோடு முடிந்தது.

மணவாளன் வாளை நிறுத்தி, தூளைக் கூட்டி, கோணிப்பையில் போட்டார். கையை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கையில் ஒன்றும் மாறவில்லை.

ஜானகிராமனுக்குப் பெரிய நிம்மதி. மணவாளனைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். யார் மேலும் தப்பில்லை, எங்கேயோ மலையில் பனி பெய்ததற்கு நாம் என்ன செய்ய முடியும் என்றார். கோபிக்குச் செயற்கைக் கால் பொருத்தியதும் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை போட்டுத் தருவதாகவும், ஞாயிற்றுக்கிழமை போகும்போது நல்ல சேதியாகச் சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டார்.

“அத்த பொறுக்கி வச்சது நான் சார்” என்றார் மணவாளன்.

“எல்லாத்தையும் நீங்கதான பொறுக்கறீங்க” என்றார் ஜானகிராமன்.

“அது கோபி பக்கத்துல இருக்கணும்னு சொன்னதும் நான்தான்.”

ஜானகிராமன் எழுந்து அறைக்கதவைச் சாத்தினார். பிறகு, இதை வெளியே சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம், அந்த அம்மாவே இயற்கைக் கோளாறு என்றுதான் எழுதப் போகிறார், எதற்கு வீணாக என்று தணிந்த குரலில் சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ஒரு காரியத்துக்கு எத்தனையோ காரணங்கள். மலை, பனி, சாய்வு, கப்பல், விதி என்று வரிசையாக நிற்கும்போது அந்த வரிசையில் ஒரு மனிதனின் கையை மட்டும் தனியே இழுத்து நிறுத்துவது எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அந்த வரிசையில் கோபியைத் தெரிந்திருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

வீட்டில் சொன்னபோது கன்னியம்மாளுக்குக் கோபம் வந்தது.

“நல்லது நெனச்சி செஞ்சது எப்டிய்யா தப்பாவும்? வாய மூடிகினு இரு. ஊட்ல சேத்துகினு டீ குடுக்கறாங்க, அத்தயும் கெடுத்துக்காத.”

நல்லது நினைத்தது உண்மை. நினைக்காமல் இருந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு கட்டையை எடுத்துப் போட்டிருந்தால், கோபி இரண்டு காலோடு நடந்துகொண்டிருப்பான் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்றை ஒன்று தொடவில்லை. துக்கம் வரும் என்று இப்போதும் காத்திருந்தார். வெறும் எடைதான் இருந்தது.

ஞாயிறு மழை விட்டிருந்தது. வேப்பம்பட்டில் இறங்கி, சேற்றில் போட்டிருந்த செங்கற்களின்மேல் கால் வைத்துக் கோபியின் வீட்டுக்குப் போனார். கோபி கட்டிலில் இருந்தான். நாற்காலிக் கையில் துண்டு சுற்றியிருந்தது.

மணவாளன் உட்காராமலே சொன்னார். அகல்யா வந்தது, அறுத்தது, பார்த்தது, பெல்ட்டு சரியான இடத்தில் இருந்தது என்றது, ஸ்டோர் வேலை எல்லாவற்றையும். கோபி கேட்டுக்கொண்டே துண்டை அவிழ்த்து மடியில் வைத்தான்.

“பெல்ட்டு கரெக்டா?”

“கரெக்டு.”

“நீ சும்மா சொல்லல?”

“இத்தினி நாளு சும்மாதான் சொன்னேன். இப்ப நெசமா சொல்றேன்.”

கோபி அவரை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பிச் சுரேகாவைக் கூப்பிட்டு, சொன்னதை அவள் எதிரில் அப்படியே திரும்பச் சொல்லும்படி மணவாளனைக் கேட்டான். மணவாளன் திரும்பச் சொன்னார். சுரேகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு டீ போடப் போனாள். டீ வந்தது. அன்றைக்கு அதில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். வீட்டில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்தது. அதைக் கெடுக்க யாருக்கும் மனம் வராது. மணவாளனுக்கு மனம் என்று ஒன்று அப்போது இயங்கியிருந்தால் அவருக்கும் வந்திருக்காது. தம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்தக் கட்டைய உன் பக்கம் போடச் சொன்னது நான் கோபி.”

“தெரியும். எப்பவும் நீ அப்டிதான போடுவ.”

“கறுப்பா, கனமா இருந்திச்சி. நம்ம ஊரு மரமாட்டம் வைரம்னு நெனச்சேன். அது வைரம் இல்லியாம். பக்கத்துல வெளுத்த கட்ட கெடந்துது. அத்த போட்டிருந்தா ஒடஞ்சிருக்காதாம்.”

சுரேகா சமையற்கட்டு வாசலில் நின்றுவிட்டாள். கோபி மடியிலிருந்த துண்டை நீளமாக விரித்தான். பிறகு நாலாக மடித்தான். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“நல்லதுன்னு நெனச்சிதான போட்ட?”

“ஆமா.”

“அப்ப நான் யார அண்ணாத்தே திட்டறது?” கோபியின் குரல் உயரவில்லை. “ஆடியிலேர்ந்து என்னியே திட்டிகினு கெடந்தேன். அதுவாவது ஒரு வேலையா இருந்திச்சி. இப்ப அது இல்லன்ற. உன்ன திட்டலாம்னு பாத்தா, எனக்கோசரம்தான் செஞ்சேன்ற. இன்னா மனுசன்யா நீ.”

மணவாளன் நின்றார். திட்டு என்று சொல்ல நினைத்தார். அதைக் கேட்பதுகூடத் தனக்காகக் கேட்பதுதான் என்று பட்டது. சொல்லவில்லை.

“கொஞ்ச நாளிக்கு நீ வராத” என்றான் கோபி. “உன் மூஞ்சப் பாத்தா எதுனா சொல்லிடுவேன். அப்பால நானே கூப்புடறேன்.”

“செரி.”

“கூப்புடுவேனான்னும் தெரியாது.”

“செரி.”

கிளம்பும்போது கோபி கட்டிலின் தலைமாட்டில் சாத்தியிருந்த, கக்கத்தில் ஊன்றும் கம்புகளை எடுத்தான். சுரேகா பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று கையசைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் வாசலைத் தாண்டியதில்லை என்று மணவாளனுக்குத் தெரியும். யாராவது என்ன ஆச்சு என்று கேட்டால், என் தப்புதான் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் தாண்டவில்லை. இப்போது மெல்ல ஊன்றி ஊன்றி நடந்து வாசலுக்குப் போனான். வாசல் நடை குறுகல். அவனைத் தாண்டிப் போக இடமில்லை. மணவாளன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

எதிர்வீட்டுக்காரர் கதவோரத்தில் நின்று மழைத்தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். கோபியைப் பார்த்ததும் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, எப்படி இருக்கே என்று விசாரித்தார்.

“பெல்ட்டு கரெக்டா தான் போட்டுகீறேன். சோதன பண்ணி சொல்லிட்டாங்க” என்றான் கோபி. அவர் அதைக் கேட்கவேயில்லை.

“அப்ப எப்டிப்பா ஒடஞ்சிது?”

கோபி கம்பில் சாய்ந்தபடி பாதி திரும்பினான். மணவாளன் அவன் தோளுக்குப் பின்னால், கையில் செருப்போடு, சொல்லப் போகும் பெயருக்காக நின்றார். கோபி அவரைப் பார்த்தான். எத்தனை நேரம் பார்த்தான் என்று சொல்ல முடியாது. பிறகு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“மரத்துல கோளாறு” என்றான். “மலையில பனி பேஞ்சி சாஞ்ச மரமாம்.”

எதிர்வீட்டுக்காரர் அதிசயமாகத் தலையாட்டிவிட்டு மறுபடி தண்ணீரைத் தள்ளத் தொடங்கினார். கோபி சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டான். மணவாளன் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

செங்கல்மேல் கால் வைத்துத் திரும்பிப் போகும்போது மரத்துல கோளாறு என்று கோபி சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவர் யோசித்துக்கொண்டே போனார். அது தன்னைக் காப்பாற்றச் சொன்னதா, அல்லது முழுக்கதையும் சொல்ல அலுத்துப்போய்ச் சொன்னதா என்று தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இனி வழியில்லை; வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஸ்டேஷனில் ரயில் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் முன்பக்கம் நனைந்திருப்பதைப் பிறகுதான் கவனித்தார். மழையா என்று மேலே பார்த்தார். கூரைக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தார்.